புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

வருஷந்தோறும் மே மாதம் 12-ந் தேதி உலகமெங்கும் தாதியர் தினம் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று ஆஸ்பத்திரிகளில் விளக்கேற்றுகிறார்கள். பிரமுகர்கள் வந்து, தாதிமார் தேவதைகள் என்றும் தியாக மூர்த்திகள் என்றும் பிரசங்கம் செய்கிறார்கள். மறுநாள் காலையில் அத்தாதிமார் பழைய சம்பளத்துக்கும் பழைய வேலை நேரத்துக்கும் திரும்பிச் செல்கிறார்கள். அந்தத் தினம் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் ஜன்ம தினம். அம்மையாரின் பெயரைச் சொல்லி இவ்வளவும் நடப்பதால், அவர் உண்மையில் என்ன செய்தார், எதற்காக யாருடன் போராடினார், எவ்விடத்தில் தவறினார் என்பனவற்றைப் பொது வாழ்வில் ஈடுபட்டோர் அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறோம். ஆகவே அவருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

அம்மையார் 1820-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்கு இட்டனர். தகப்பனார் பெருஞ் செல்வர். இங்கிலாந்தில் டர்பிஷயரிலும் ஹாம்ப்ஷயரிலும் அவருக்கு மாளிகைகள் இருந்தன. தாயைப் பெற்ற பாட்டனார் வில்லியம் ஸ்மித், அடிமை வியாபாரத்தை ஒழிப்பதற்குப் பார்லிமெண்டில் உழைத்தவர்களில் ஒருவர். தகப்பனார் தமது இரு பெண்களுக்கும் லத்தீன், கிரேக்கம், சரித்திரம், தத்துவம் முதலியவற்றைத் தாமே கற்பித்தார். அக்காலத்தில் கனவான்களின் புதல்விகளுக்குக் கிட்டாத கல்வி அது. ஆனால் அத்தகைய கல்வியைக் கொடுத்த குடும்பத்தார், அந்தக் கல்வியைக் கொண்டு பெண் ஏதேனும் செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. விருந்துக்குப் போதல், விருந்தினரை வரவேற்றல், தக்க வரனை மணத்தல் ஆகிய இவையே அவளுக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை.

பதினாறாம் வயதில், 1837-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், ஈசுவரன் தம்மை ஓர் ஊழியத்துக்கு அழைத்ததாக அம்மையார் உணர்ந்தார். அவ்வூழியம் நோயாளிகளைப் பராமரிப்பதுதான் என்று துணிய அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 1845-ம் வருஷத்தில் ஸாலிஸ்பரி நகரத்து ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் பயிற்சி பெற அனுமதி வேண்டினார். வீட்டில் பெருங் கலகம் உண்டாயிற்று. தாயார் கண்ணீர் விட்டார். தமக்கை மூர்ச்சையானார் என்னும்படி நடந்துகொண்டார். இதற்காக அவர்களை நாம் அளவுக்கு மிஞ்சிக் குறை கூறுவதற்கில்லை. அந்நாளில் இங்கிலாந்தில் தாதி என்றால், வேறு வேலை கிடைக்காத ஏழைப் பெண், வீட்டு வேலைக்காரியினும் தாழ்ந்தவள் என்பதே எண்ணம். பலர் குடித்துவிட்டு வேலை பார்த்தனர். சார்லஸ் டிக்கன்ஸ் தமது கதையொன்றில் படைத்த மிஸஸ் காம்ப் என்னும் குடிகாரத் தாதியைப் பார்த்து இங்கிலீஷ்காரர் சிரித்தது, அத்தகையவளை அவர்கள் நேரில் கண்டிருந்ததனாலேயே.

இங்கே நாம் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. அப்பெண்கள் இயற்கையிலேயே கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குப் பயிற்சியில்லை, கூலி சொற்பம், படுத்துறங்கத் தக்க இடமுமில்லை, நோயாளிகளின் கட்டில்களுக்கிடையிலும் மாடிப்படி ஓரங்களிலும் படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. இழிவாக நடத்தப்படும் வேலைக்கு வேறு கதியில்லாதவர்களே வந்தார்கள்; அவர்கள் வந்ததால் வேலை மேலும் இழிவடைந்தது. இந்தச் சக்கரத்தை எங்கே உடைப்பது என்பதே அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த கேள்வி.

ஒன்பது ஆண்டுகள் பழகிய ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் என்ற பிரபுவை மணக்க அவர் 1849-ல் மறுத்தார். 1851-ல் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊருக்குச் சென்று, பாதிரி பிளீட்னர் நிறுவிய ஸ்தாபனத்தில் மூன்று மாத காலம் வேலை பயின்றார். 1853-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் லண்டன் ஹார்லி வீதியில் பெண்களுக்கென ஏற்பட்டிருந்த சிறு ஆஸ்பத்திரியின் தலைமை அவருக்குக் கிடைத்தது. சம்பளம் இல்லை, தகப்பனார் கொடுத்த வருஷம் 500 பவுனைக் கொண்டு ஜீவித்தார். பதவியை ஏற்கு முன்பே நிர்வாகக் கமிட்டியாரிடம் சில நிபந்தனைகளை வைத்தார். ஒவ்வொரு மாடிக்கும் குழாய் மூலம் வெந்நீர் வரவேண்டும். சாப்பாட்டை மேலே தூக்கியனுப்ப யந்திரம் வேண்டும். எந்த நோயாளி மணியடித்தார் என்பது தெரியும்படி அமைப்பு வேண்டும் என்றார். தாதியின் நேரம் மாடிப்படி ஏறி இறங்குவதில் கழியுமானால் நோயாளியைக் கவனிக்க யார் இருப்பார்கள் என்பது அவருடைய வாதம். எந்த மதத்தைச் சேர்ந்த நோயாளியாயினும் சேர்க்கவேண்டும் என்றும் வற்புறுத்தி வென்றார். தாதியின் குணத்தைப் பற்றிப் பேசுமுன் அவள் வேலை செய்யும் நிலைமையைச் சீர்திருத்தவேண்டும் என்ற கொள்கை அங்கேயே தொடங்கிவிட்டது.

1854-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் துருக்கியின் பக்கம் நின்று ருஷ்யாவுடன் யுத்தத்தில் இறங்கின. செப்டம்பரில் ஆல்மா நதிக் கரையில் நடந்த போருக்குப் பின், காயமடைந்த சிப்பாய்கள் கட்டுத் துணியுமின்றிக் கிடக்கும் கோரத்தை லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் நிருபர்கள் எழுதினர். தேசம் கொதித்தெழுந்தது. யுத்த இலாகாவைச் சேர்ந்த மந்திரி ஸிட்னி ஹெர்பெர்ட், அம்மையாரின் நண்பர். தாதிமாரை அழைத்துச் செல்ல முடியுமா என்று அவர் எழுதிய கடிதமும், தாம் செல்ல விரும்புவதாக அம்மையார் எழுதிய கடிதமும் ஒரே சமயத்தில் எதிரெதிராகச் சென்றன. அக்டோபர் 21-ந் தேதி 38 பெண்களுடன் அவர் புறப்பட்டார். அவர்களுள் 24 பேர் மத சம்பந்தமான ஸ்தாபனங்களிலிருந்து வந்தவர்கள். 14 பேர் ஆஸ்பத்திரிகளில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள்.

நவம்பர் 4-ந் தேதி கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குட்டாரிப் பாசறை ஆஸ்பத்திரியை அடைந்தனர். ராணுவ வைத்தியர்கள் அவர்களை விரும்பவில்லை. வைத்தியர் அனுமதியின்றி எந்தத் தாதியும் எந்த நோயாளியையும் தொடலாகாது என்று அம்மையார் உத்தரவிட்டு, தம் பெண்களைத் துணி தைத்துக்கொண்டிருக்கச் செய்தார். சில தினங்களில் இங்கர்மன் போரில் அடிபட்டவர்கள் கூட்டங் கூட்டமாக வந்து சேர்ந்தபோது வைத்தியர்கள் தாமாகவே தாதிமாரைக் கூப்பிட்டார்கள். டைம்ஸ் பத்திரிகை திரட்டிய நிதியைக் கொண்டும் தம் சொந்தப் பணத்தைக் கொண்டும் அம்மையார் சட்டை, பாத்திரம், போர்வை முதலியன வாங்கினார். சிப்பாய்களின் மனைவியரைக் கூலிக்கு வைத்துச் சலவைச் சாலை ஏற்படுத்தினார். இடிந்து கிடந்த அறைகளைப் பழுது பார்த்தார். குடிப்பழக்கம் உள்ள தாதிமார் சிலரைத் திருப்பியனுப்பினார். தமது சம்மதமின்றி டிஸம்பர் மாதத்தில் இரண்டாவது கோஷ்டி ஒன்று அனுப்பப்பட்டபோது மந்திரியிடமே சண்டையிட்டார். தாதிமாருக்குத் தலைமை ஒன்றே, அத்தலைமை தாதியிடமே இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கிரிமியாவில் தலைமை வைத்திய அதிகாரியாயிருந்த ஜான் ஹால் இதை ஒப்பவில்லை. அந்த விவகாரம் முடிந்து, ராணுவ ஆஸ்பத்திரிகளிலுள்ள தாதிமார் அனைவர் மீதும் அவருக்கு அதிகாரமுண்டென்று ராணுவ உத்தரவு பிறந்தது 1856-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில். யுத்தம் முடிந்ததும் அம்மாதத்திலேதான்.

இரவில் விளக்கைக் கையிலேந்தி வார்டுகளைச் சுற்றிவந்த மாதரசியின் சித்திரம் இங்கிலாந்தின் ஒவ்வொரு வீட்டிலும் தொங்கிற்று. ஆனால் அச்சித்திரம் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. அம்மையார் வந்த பிறகும் ஸ்குட்டாரியில் சாவு குறையவில்லை, கூடிற்று. 1855-ம் வருஷம் பிப்ரவரியில் அங்கே நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதத்தில் சுகாதாரக் கமிஷன் ஒன்று வந்து, கட்டடத்தின் கீழே அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைக் கழுவி, குடிநீரையும் காற்றோட்டத்தையும் சீர்ப்படுத்திய பின்னரே சாவு இறங்கிற்று. ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு 2. ஊர் திரும்பிய பின் புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பாருடன் சேர்ந்து கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் இந்த உண்மை அம்மையாருக்கு முழுமையாகப் புலப்பட்டது. தம் கீர்த்திக்குப் பங்கம் வருமென்று அதை அவர் மறைக்கவில்லை. வர்ணப் படங்களாக வரைந்து சர்க்காரின் முன் வைத்தார். ராணுவத்தின் சுகாதாரத்தைப் பற்றி 1857-ல் ராயல் கமிஷன் நியமிக்கச் செய்தார். 1858-ல் புள்ளிவிவர சங்கம் தனது முதல் பெண் அங்கத்தினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. அதற்குள் அவருடைய உடல் நலிந்து போயிற்று. கிரிமியாவில் வந்த காய்ச்சலின் விளைவாக, பின்னர் பல ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே வேலை செய்தார்.

யுத்த காலத்திலேயே பொது ஜனங்கள் அவருடைய பெயரால் நிதி திரட்டினர். ஏறக்குறைய 45,000 பவுன் சேர்ந்தது. அதைக்கொண்டு 1860-ம் வருஷத்தில் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர் 15 பேர். ஒரு வருஷப் பயிற்சி. தங்க இடம், உணவு, உடை ஆகியவற்றோடு வருஷத்துக்கு 10 பவுன் உபகாரப் பணமும் உண்டு. மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மையார் ஒவ்வொருவரின் வேலையையும் ஒழுக்கத்தையும் மாதந்தோறும் குறித்து வைப்பார். தாதி வேலை கற்கவேண்டிய வித்தை, அதற்கு ஆசிரியர் வேண்டும், இருப்பிடம் வேண்டும், கற்றவளுக்குக் கௌரவமான ஊதியம் வேண்டும் என்று ஸ்தாபன ரூபமாக நிலைநாட்டியது இந்தப் பள்ளியே. அம்மையார் ஆழ்ந்த தெய்வ பக்தியுடையவர். இதை ஓர் அழைப்பாகவே மதித்தவர். எனினும், பக்தியிருப்பதால் சம்பளம் வேண்டாம் என்ற வாதத்தை அவர் ஒருநாளும் ஏற்கவில்லை.

பள்ளியில் பயின்றவர்கள் தேசமெங்கும் சென்றனர். 1865-ல் ஆக்னஸ் ஜோன்ஸ் என்பவர் 12 தாதிமாருடன் லிவர்பூல் நகரத்து ஏழை விடுதியின் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். அதுவரை அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் அவ்விடுதியிலேயே தஞ்சம் புகுந்திருந்த ஏழைப் பெண்கள். மூன்றாண்டுகள் ஓயாது உழைத்த ஜோன்ஸ், 1868-ல் விஷக் காய்ச்சல் கண்டு 35-வது வயதில் இறந்தார். தாதியின் உயிரும் செலவாகக்கூடியதே என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு அவருடைய மரணம் அன்றே ஒரு படிப்பினையாக இருந்திருக்கவேண்டும். 1868-ல் லூஸி ஆஸ்பர்ன் என்பவர் ஐந்து தாதிமாருடன் ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரம் போய்ச் சேர்ந்தார்.

நிற்க. அந்தப் பள்ளியில் குறைகளும் இருந்தன. கற்க வந்த பெண்கள் வார்டுகளில் முழு வேலைக்காரிகளாக உழைத்தனர். பாடம் குறைவு, வேலை மிகுதி. 1870-களின் தொடக்கத்தில் அம்மையாரே இதை விசாரித்தறிந்து திருத்த முற்பட்டார். கட்டணம் செலுத்திச் சேர்ந்த உயர்குலத்துப் பெண்கள் மேட்ரன் பதவிக்கும், ஏழைப் பெண்கள் சாதாரணத் தாதி வேலைக்கும் என்ற பிரிவும் அங்கே வேரூன்றிற்று. மாணவியைக் கொண்டு மலிவாக வேலை வாங்கும் வழக்கம் அங்கிருந்தும் பிற பள்ளிகளிலிருந்தும் உலகெங்கும் பரவி, பல தலைமுறைகளுக்கு நீடித்தது.

அம்மையாரின் வாழ்க்கையில் சட்டத் தொழிலில் இருப்போருக்கு விசேஷ ருசி தரும் அத்தியாயம் இனித்தான் வருகிறது. பிரிட்டனில் வைத்தியர்களுக்கு 1858-ம் வருஷச் சட்டப்படி பதிவேடு ஏற்பட்டிருந்தது. 1887-ல் எதல் பென்விக் என்ற அம்மையார் பிரிட்டிஷ் தாதியர் சங்கத்தை நிறுவி, தாதிமாருக்கும் அத்தகைய பதிவேடு வேண்டும், மூன்று வருஷப் பயிற்சியும் பரீட்சையும் வேண்டும் என்று கிளர்ச்சி தொடங்கினார். இவர் 24-வது வயதிலேயே செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் மேட்ரனாயிருந்தவர். பயிற்சி பெறாத எவளும் சீருடை தரித்துத் தன்னைத் தாதியென்று கூறிக்கொள்ளலாம் என்றிருக்குமட்டும் பயின்றவளின் சம்பளம் உயராது, நோயாளிக்கும் பாதுகாப்பில்லை என்பது அவருடைய கட்சி.

இதை மிகக் கடுமையாக எதிர்த்து நின்றவர் நைட்டிங்கேல் அம்மையாரே! பரீட்சையால் ஞாபக சக்தியை அளக்கலாம், கருணையையும் பொறுமையையும் அளக்க முடியாது. ஒரு காலத்தில் தேறியவளின் பெயர் பதிவேட்டில் இருப்பது அவள் இன்று எப்படியிருக்கிறாள் என்பதைக் காட்டாது. பள்ளிகள் ஏற்றத்தாழ்வாயிருக்கையில் ஒரே அளவுகோல் வைத்தால் நல்ல பள்ளியும் அந்தத் தாழ்ந்த அளவுக்கே இறங்கிவிடும் என்றெல்லாம் அவர் வாதித்தார். விவகாரம் பிரிவி கௌன்ஸில் வரை சென்றது. 1893-ல் சங்கத்துக்கு ராஜ சாஸனம் கிடைத்தது. ஆனால் பதிவேடு என்ற சொல்லுக்குப் பதிலாக ஜாபிதா என்ற சொல்லே அதில் இடம்பெற்றது. ஒரு சொல்லில் எவ்வளவு உரிமை அடங்கியிருக்கிறது என்பதை வக்கீல்கள் அறிவர்.

அம்மையாரின் வாதங்கள் அற்பமானவை அல்ல. ஆயினும் சரித்திரம் அவர் பக்கம் தீர்ப்புக் கூறவில்லை. நற்குணம் தாதிக்கு அவசியம்தான். ஆனால் குணத்துக்கு மேட்ரனின் சாட்சியமே போதுமென்றால், தாதியின் வாழ்வு முழுவதும் மேட்ரனின் தயவில் நிற்கும். சட்டம் கொடுக்கும் தகுதியை எவரும் எளிதில் பிடுங்கிக்கொள்ள முடியாது. 1901-ல் நியூஜீலந்து உலகில் முதன்முதலாகத் தாதியர் பதிவுச் சட்டத்தை இயற்றிற்று. பிரிட்டனில் முப்பது வருஷத்துக்கு மேல் போராட்டம் நடந்து, பெருங்குடி மக்களின் புதல்விகள் யுத்த ஆஸ்பத்திரிகளில் தொண்டர்களாக வேலை செய்து பார்த்த பிறகு, 1919-ல் சட்டம் நிறைவேறியது. பதிவேட்டில் முதல் எண் பென்விக் அம்மையாருக்கே. அதைக் காண நைட்டிங்கேல் அம்மையார் இல்லை. கண்பார்வை மங்கி, 1907-ல் ஆர்டர் ஆப் மெரிட் என்ற விருதைப் பெற்ற முதல் பெண்மணியாகி, 1910-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி 90-வது வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யச் சர்க்கார் முன்வந்தும், உறவினர் மறுத்து ஹாம்ப்ஷயரில் குடும்பத்தாரின் கல்லறையிலேயே அடக்கம் செய்தனர்.

நம் தேசத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. எனினும் நாற்பது வருஷ காலம் இந்தியாவைப் பற்றி எழுதினார். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் துருப்புகளில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகின்றனர் என்று 1863-ம் வருஷத்து ராயல் கமிஷன் அறிக்கை காட்டிற்று. சிப்பாயின் பாசறையில் தொடங்கிய அவருடைய ஆராய்ச்சி, பிறகு குடியானவனின் கிராமத்துக்குச் சென்றது. சென்னை ராஜதானியைப் பாழாக்கிய பெரும் பஞ்சத்துக்குப் பின், 1878-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் இந்திய ஜனங்களின் பட்டினியையும் கடனையும் பற்றி எழுதினார். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனின் நீர்ப்பாசனக் கொள்கைக்கும், பார்லிமெண்டில் பிரவேசிக்கத் தாதாபாய் நௌரோஜி செய்த முயற்சிக்கும் ஆதரவளித்தார். ஆனால் 1888-ம் வருஷம் பம்பாயில் வந்திறங்கிய முதல் பத்துப் பயிற்சி பெற்ற ராணுவத் தாதிமார் வந்தது பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காகவே. அன்னிய சர்க்கார் இந்திய ஜனங்களுக்கு விட்டுச் சென்ற கணக்கை 1946-ல் வெளியான போர் கமிட்டியின் அறிக்கை தெரிவிக்கிறது. 43,000 ஜனங்களுக்கு ஒரு தாதி. சென்னையில் 1926-ல் தாதியர் பதிவுச் சட்டம் ஏற்பட்டது. தேசம் முழுவதற்குமான தாதியர் கௌன்ஸில் சட்டம் சுதந்திரம் வந்த 1947-ம் வருஷத்தில் நிறைவேறியது.

பதிவு கிடைத்துவிட்டது, ஊதியம்? தனியார் ஆஸ்பத்திரிகளில் தாதிமார் படும் கஷ்டத்தை அகில இந்தியத் தாதியர் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டனர். கோர்ட்டாரின் உத்தரவுப்படி 2016-ல் அமைக்கப்பட்ட நிபுணர் கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த சிறு ஆஸ்பத்திரியிலுங்கூட மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் சர்க்கார் சம்பளத்துக்குச் சமமாக இருக்கவேண்டும் என்றும் சிபார்சு செய்தது. சிபார்சு வேறு, சட்டம் வேறு. சட்டமாக்கப்படாத சிபார்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாதி எந்த முதலாளியிடம் வாதாட முடியும்?

அம்மையாரின் சொந்த தேசத்து நிலைமையும் மெச்சத்தக்கதாக இல்லை. அவர் பிறந்து 200 வருஷம் நிறைந்ததை முன்னிட்டு, உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ம் வருஷத்தைத் தாதியர் வருஷமாக அறிவித்தது. அவ்வருஷம் அது வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 2 கோடியே 79 லட்சம் தாதிமார் இருந்தனர். 59 லட்சம் பேர் பற்றாக்குறை. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதே வருஷம் கொரோனா நோய் பரவியபோது லண்டனில் 4,000 படுக்கைகள் வரை போடும் திட்டத்துடன் நைட்டிங்கேல் பெயராலேயே ஓர் ஆஸ்பத்திரி சில தினங்களில் எழும்பிற்று. படுக்கை இருந்தது, தாதிமார் போதாமையால் சில நோயாளிகளை ஏற்க முடியவில்லை என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. 2022-ம் வருஷம் டிஸம்பர் 15-ந் தேதி பிரிட்டிஷ் தாதிமார் ஊதியத்துக்காகப் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் மறியல் செய்த இடங்களில் ஒன்று செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் வாயில்.

அம்மையார் உயிருடன் இருந்தால் வேலைநிறுத்தத்தை ஆதரித்திருப்பார் என்று நாம் சொல்லத் துணியோம். கட்டுப்பாட்டை உயிராக மதித்தவர் அவர். ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் கணக்குப் புஸ்தகத்தை அவர் வாங்கிப் பார்த்திருப்பார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஒரு வார்டுக்கு எத்தனை நோயாளிகள், எத்தனை தாதிமார், அவர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், எங்கே உறங்குகிறார்கள், என்ன சம்பளம் பெறுகிறார்கள் என்று கேட்டிருப்பார். நம் சட்டசபைகளிலும் நகரசபைகளிலும் இருப்போரும், அவற்றுக்கு வெளியே நின்று கிளர்ச்சி செய்வோரும் இந்த ஐந்து கேள்விகளைத் தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்கட்டும். பதில் கிடைத்தபின், அடுத்த மே மாதம் 12-ந் தேதி விளக்கேற்றலாம்.